இரண்டு பென்ஸும் இரண்டு படங்களும்

வெற்றி பெற்ற படமொன்றுக்குத் தொடர்ச்சி எடுப்பதில் வோல்ட் டிஸ்னிக்கு அதிக நம்பிக்கை இருந்ததில்லை. 1933 ஆம் ஆண்டில் அவரது கலையகம் வெளியிட்ட ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ என்ற சிறிய காட்டூன் படம் பொருளாதார நெருக்கடியில் துவண்டு கிடந்த அமெரிக்காவையே பாட வைத்தது. இன்னும் பன்றிகள் வேண்டும் என்று விநியோகத்தர்கள் நச்சரித்தார்கள். அவரும் இணங்கி, அதே பாத்திரங்களைக் கொண்டு மேலும் மூன்று படங்களைத் தயாரித்தார். எதுவுமே முதற் படத்திற்கு ஈடாகவில்லை. பன்றிகளைக் கொண்டே பன்றிகளை மிஞ்சிவிட முடியாது என்பது அதிலிருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம். அதைப் பின்னாட்களில் அவரே பலமுறை நினைவூட்டியதுண்டு.

அத்தகையவர் நிறுவிய கலையகம், அவர் மறைந்து 52 ஆண்டுகளுக்குப் பின்னர், 2018 டிசம்பரில் ‘மேரி பொப்பின்ஸ் ரிட்டேர்ன்ஸ்’ என்ற படத்தை வெளியிட்டது. 1964 ஆம் ஆண்டில் வெளியாகி உலகெங்கும் கொண்டாடப்பட்ட ‘மேரி பொப்பின்ஸ்’ என்ற இசைச் சித்திரத்தின் தொடர்ச்சி அது. இரண்டுக்கும் இடைவெளி 54 ஆண்டுகள். முதற் படத்தைப் பார்த்த குழந்தைகள், தங்கள் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது படத்தைப் பார்க்கச் சென்றார்கள். இந்தத் தொடர்ச்சி முதற் படத்திற்கு நிகராக நிற்கிறதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். பாடல்களையும் நடிப்பையும் ஒப்பிட்டு அதற்கு விடை சொன்னவர்களே அதிகம். வேறொரு தராசில் நிறுத்துப் பார்க்கவேண்டிய விடயம் ஒன்றும் அதில் இருக்கிறது. அது ஒரு சிறுவனின் கையிலிருந்த இரண்டு பென்ஸ் காசு.

இசைச் சித்திரங்களுக்குத் தொடர்ச்சி எடுப்பது எப்போதுமே ஆபத்தான காரியம். துப்பறியும் கதையென்றால் புதிய கொலை ஒன்று போதும். இசைச் சித்திரத்தில் மக்கள் மீண்டும் தேடிப் போவது கதையை அல்ல, பாடல்களை. பழைய பாடல்களையே மீண்டும் பாடினால் தொடர்ச்சி தேவையில்லை; புதிய பாடல்களோ பல ஆண்டுகளாக நெஞ்சில் ஊறிப்போன பழைய பாடல்களோடு மோதி வெல்லவேண்டும். 1978 இல் சக்கைபோடு போட்ட ‘கிறீஸ்’ படத்திற்கு 1982 இல் வெளிவந்த இரண்டாம் பாகம் தோல்வி கண்டது. பார்பரா ஸ்ட்ரெய்சன்டின் ‘ஃபனி கேர்ள்’ (1968) பெற்ற புகழில் ஒரு பங்கைத்தானும் அதன் தொடர்ச்சியான ‘ஃபனி லேடி’ (1975) பெறவில்லை. இந்தப் பின்னணியில்தான் மேரி பொப்பின்ஸின் மீள்வருகையை நோக்கவேண்டும்.

கதையின் மூலம் திரைப்படமன்று. அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள மேரிபரோ என்ற ஊரில் 1899 ஆம் ஆண்டு பிறந்த ஹெலன் லிண்டன் கோஃப் என்ற பெண்மணியே இதன் கர்த்தா. அவருடைய தந்தை டிரவர்ஸ் கோஃப் வங்கி முகாமையாளராக இருந்தவர். குடிப்பழக்கம் உள்ளவர். பின்னர் அதே வங்கியில் எழுதுவினைஞராகப் பதவியிறக்கப்பட்டார். 1907 இல் அவர் இறந்தபோது மூத்த மகளான ஹெலனுக்கு ஏழு வயது. வளர்ந்து, மேடை நடிகையாகவும் பத்திரிகை எழுத்தாளராகவும் வாழ்ந்து, லண்டனில் குடியேறிய அவர், தந்தையின் பெயரையே தனது புனைபெயராகச் சூடிக்கொண்டார். பி. எல். டிரவர்ஸ் என்று உலகம் அறிந்த எழுத்தாளர் இவரே. 1934 இல் வெளிவந்த ‘மேரி பொப்பின்ஸ்’ நூலில் குடையுடன் காற்றில் மிதந்து வரும் ஆயா ஒருத்தி, லண்டனின் செரி மரத் தெருவில் வாழும் ஒரு வங்கி உத்தியோகத்தரின் வீட்டுக்கு வந்து சேர்கிறாள். அந்த உத்தியோகத்தரின் பெயரே பாங்க்ஸ் என்பது. ஏழு வயதில் தந்தையை இழந்த மகள் தேர்ந்த பெயர் அது என்பதை நினைக்கும்போது, அது வெறும் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

நூலைப் படமாக்கும் உரிமையைக் கேட்டு டிஸ்னி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவரைத் துரத்தினார். டிரவர்ஸ் மறுத்துக்கொண்டே இருந்தார். பணமுடை நெருக்கவே, திரைக்கதையைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமை தமக்கு வேண்டும் என்ற நிபந்தனையோடு ஈற்றில் இறங்கி வந்தார். 1961 இல் கலிபோர்னியாவின் பேர்பாங்க் நகரிலுள்ள கலையகத்திற்குச் சென்று, திரைக்கதையாளர்களோடும் பாடலாசிரியர்களான ரிச்சர்ட் ஷேர்மன், ரொபர்ட் ஷேர்மன் சகோதரர்களோடும் வரிக்கு வரி வாதாடினார். அந்த உரையாடல்கள் அவரது வற்புறுத்தலின் பேரில் ஒலிநாடாவில் பதிவு செய்யப்பட்டன. 1964 ஆகஸ்ட் 27 ஆம் திகதி ஹொலிவூட்டில் நடைபெற்ற முதற் காட்சியின்போது அவர் அழுதார். காட்டூன் பகுதியை நீக்கவேண்டும் என்று காட்சி முடிந்ததும் டிஸ்னியிடம் கேட்டார். காலம் கடந்துவிட்டது என்பதே டிஸ்னியின் பதில். 2013 இல் வெளியான ‘சேவிங் மிஸ்டர் பாங்க்ஸ்’ என்ற படம் அந்தக் கண்ணீரை மனநெகிழ்ச்சியின் கண்ணீராகவே காட்டியது. ஆனால் டிரவர்ஸின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் தரும் சித்திரம் அத்தனை இனிமையானதல்ல.

எழுத்தாளரின் மனம் எவ்வாறிருப்பினும், படம் மாபெரும் வெற்றி பெற்றது. 13 ஒஸ்கார் பரிந்துரைகள், 5 விருதுகள். ‘மை ஃபெயார் லேடி’ நாடகத்தில் புகழீட்டியும் அதன் திரைவடிவத்தில் வாய்ப்பு மறுக்கப்பட்ட ஜூலி அன்ட்ரூஸ், தமது முதற் படமான இதிலேயே சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். ஷேர்மன் சகோதரர்கள் இசைக்காக ஒன்றும் பாடலுக்காக ஒன்றுமாக இரு விருதுகளைத் தட்டிக்கொண்டார்கள். 34 எழுத்துக்களைக் கொண்ட அவர்களுடைய விளையாட்டுச் சொல்லொன்று ஆங்கில அகராதிக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

ஆனால் டிஸ்னிக்கு மிகவும் பிடித்த பாடல் ஆடல் பாடல் ஆரவாரம் எதுவுமற்ற ஒரு தாலாட்டு. சென். போல் பேராலயத்தின் படிக்கட்டில் அமர்ந்து, பறவைகளுக்கான தீனியைப் பொதியொன்று இரண்டு பென்ஸுக்கு விற்கும் ஏழைக் கிழவியைப் பற்றியது அது. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஷேர்மன் சகோதரர்களைத் தமது அறைக்கு அழைத்து அந்தப் பாடலை வாசிக்கச் செய்து டிஸ்னி கேட்பது வழக்கம். கிழவியாகத் திரையில் தோன்றியவர் ஜேன் டார்வெல். 1940 இல் வெளிவந்த ‘த கிரேப்ஸ் ஒஃப் ராத்’ படத்தில், பொருளாதார நெருக்கடியால் நிலமிழந்து அலையும் குடும்பமொன்றின் தாயாக நடித்து ஒஸ்கார் பெற்றவர். எண்பது வயதைக் கடந்து ஓய்விலிருந்த அவரை டிஸ்னியே வற்புறுத்தி அழைத்து வந்தார். வசனம் மிகச் சொற்பம். அதுவே அவருடைய கடைசிப் படமுமாயிற்று.

படத்தின் அச்சாணி இந்தக் கிழவிதான். கதை நிகழும் ஆண்டு 1910. சிறுவன் மைக்கலிடம் இரண்டு பென்ஸ் இருக்கிறது. அதைக் கிழவியிடம் கொடுத்துப் பறவைகளுக்குத் தீனி வாங்க விரும்புகிறான். தந்தையோ தமது வங்கிக்கு அவனை அழைத்துச் சென்று, அந்தக் காசை வைப்பிலிடச் சொல்கிறார். வங்கியின் முதிய தலைவர் டோஸும் பணிப்பாளர்களும் சேர்ந்து, இரண்டு பென்ஸ் எப்படியெல்லாம் வளரும் என்று பாட்டாகவே பாடிக் காட்டுகிறார்கள். ஆபிரிக்காவின் புகையிரதப் பாதைகள், நைல் நதியின் அணைகள், கப்பல்கள், கால்வாய்கள், தேயிலைத் தோட்டங்கள் என்று முதலீடுகளின் பட்டியல் நீள்கிறது.

இலங்கையர் ஒருவர் இந்த இடத்தில் சற்றுத் தரித்து நிற்காமல் இருக்க முடியாது. எந்த நாட்டுத் தேயிலை என்று பாடல் சொல்லவில்லை. எனினும் 1910 இல் லண்டன் முதலீட்டாளர் ஒருவரிடம் தேயிலைத் தோட்டம் என்று சொன்னால் அவருடைய மனக்கண்ணில் அசாமுடன் இலங்கையும் தோன்றியிருக்கும். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தொடங்கிய பயிர்ச்செய்கை அதற்குள் மலைநாடு முழுவதையும் மூடியிருந்தது. லண்டனில் பதிவு செய்யப்பட்ட கம்பனிகள் பங்கிலாபத்தை அங்கே பகிர்ந்துகொள்ள, தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் இங்கே லயன் அறைகளில் வாழ்ந்தார்கள். சிறுவர் படமொன்றின் கேலிப் பாட்டில், இரண்டு பென்ஸ் எங்கே போய், யாருடைய வியர்வையில் வளர்கிறது என்ற உண்மை ஒரு சொல்லில் வந்து போகிறது. படம் எடுத்தவர்கள் அவ்வளவு தூரம் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் வங்கியைக் கேலி செய்யவே அந்தப் பாட்டு எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை.

கிழட்டு டோஸ், சிறுவனின் கையிலிருந்து காசைப் பறித்துக்கொள்கிறார். என் காசைத் தா என்று மைக்கல் கூச்சலிடுகிறான். வங்கி பணத்தைக் கொடுக்க மறுக்கிறது என்று எண்ணிய வாடிக்கையாளர்கள் தங்கள் வைப்புக்களைத் திருப்பிக் கேட்டு முண்டியடிக்கிறார்கள். வங்கி கதவை மூடுகிறது. அன்றிரவே பாங்க்ஸ் அழைக்கப்பட்டு, அவமானப்படுத்தப்பட்டு, வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். அந்த நொடியில்தான் அவருக்குச் சிரிப்பு வருகிறது. மகன் மனமுவந்து தம்மிடம் கொடுத்திருந்த அதே இரண்டு பென்ஸை டோஸின் கையில் திணித்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பரிகாசமாகச் சொல்லிவிட்டு வெளியேறுகிறார். மறுநாள் பிள்ளைகளின் கிழிந்த பட்டத்தை ஒட்டி, அவர்களோடு பூங்காவுக்குப் போகிறார். மேரி பொப்பின்ஸ் வந்த வேலை முடிந்துவிட்டது. கடைசியில் வங்கி அவரைப் பங்காளியாகவே சேர்த்துக்கொள்வது உண்மைதான். ஹொலிவூட் அந்த ஆறுதலைத் தராமல் விடவில்லை. ஆனால் பட்டம் முதலில் பறந்தது, பதவி பின்னரே வந்தது. இந்த ஒழுங்கே முதற் படத்தின் அறம்.

இத்தகைய வெற்றிக்குப் பின் தொடர்ச்சி எடுக்க யாருக்குத்தான் ஆசை வராது? பன்றிப் பாடத்தை மறந்து டிஸ்னியே முயன்றார். டிரவர்ஸ் மறுத்தார். 1966 டிசம்பரில் டிஸ்னி காலமானார். 1980களின் பிற்பகுதியில் கலையகம் மீண்டும் அவரை அணுகியது. எழுத்தாளர் பிரையன் சிப்லியுடன் சேர்ந்து டிரவர்ஸே ஒரு திரைக்கதையைத் தயாரித்தார், அதுவும் கைகூடவில்லை. 1990களில் மேடை இசை நாடகத்திற்கு அனுமதி கொடுத்தபோது, பழைய படத்தோடு சம்பந்தப்பட்ட எவரும் அதில் நேரடியாகப் பங்குகொள்ளக் கூடாது என்று நிபந்தனை விதித்தார் என்பதிலிருந்து அவருடைய கசப்பு எத்தனை ஆழமானது என்பதை உணரலாம். 1996 இல், தமது 96 ஆவது வயதில் அவர் மறைந்தார். அவருடைய உரிமைகளை நிருவகிப்போரின் இணக்கத்துடனேயே 2018 ஆம் ஆண்டுப் படம் உருவாயிற்று.

அந்தப் படத்தின் சிறப்புக்களை முதலில் சொல்லிவிடுவது நியாயம். இயக்குநர் ரொப் மார்ஷல் கதையை 1935 ஆம் ஆண்டுக்கு நகர்த்தினார். டிரவர்ஸின் முதல் நூல்கள் எழுதப்பட்ட காலம் அது. அவ்வகையில் இது மூலத்தை நோக்கிய பயணமே. சிறுவன் மைக்கல் இப்போது மனைவியை இழந்த, மூன்று பிள்ளைகளின் தந்தை. அதே வங்கியில் தற்காலிக உத்தியோகம் பார்க்கிறான். அதே வங்கியிடம் ஈடு வைத்த வீடு பறிபோகும் நிலை. தமக்கை ஜேன் தொழிலாளர் உரிமைக்காக உழைக்கிறாள். பெண்களின் வாக்குரிமைக்காகக் கொடி பிடித்த தாயின் மகளுக்கு அது பொருத்தமான பணி. எமிலி பிளண்டின் மேரி பொப்பின்ஸ், ஜூலி அன்ட்ரூஸைப் போலி செய்யவில்லை. தற்பெருமையும் கண்டிப்பும் கொண்ட அந்தப் பாத்திரம் நூலில் உள்ள ஆயாவுக்கு இன்னும் நெருக்கமானது. காட்டூன் பகுதிகளைக் கணினியில் செதுக்காமல், பழைய முறைப்படி கையால் வரைந்தது பாராட்டுக்குரியது. தாயை இழந்த பிள்ளைகளுக்கு அவள் பாடும் தாலாட்டு உள்ளத்தைத் தொடுகிறது. முதற் படத்தில் இளைஞன் பேர்ட்டாகவும் கிழட்டு டோஸாகவும் இரட்டை வேடமிட்ட டிக் வான் டைக், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில் டோஸின் மகனாகத் தோன்றி மேசை மீது ஏறி ஆடும் காட்சியில் திரையரங்குகள் ஆர்ப்பரித்தன.

ஜூலி அன்ட்ரூஸுக்கும் ஒரு சிறு வேடம் கொடுக்க விரும்பினார்கள். இது எமிலி பிளண்டின் படம், அதில் நான் குறுக்கிடலாகாது என்று அவர் மறுத்துவிட்டார். தொடர்ச்சிப் படம் ஒன்றுக்குப் பழைய நடிகை ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது. துரதிர்ஷ்டவசமாக, படத்தை அமைத்தவர்களிடம் அந்தத் துணிவு இருக்கவில்லை. இசையமைப்பாளர் மார்க் ஷைமனும் அவரோடு பாடல் எழுதிய ஸ்கொட் விட்மனும் திறமைசாலிகள். ஆனால் படம் முதற் படத்தின் வரைபடத்தின் மேல் வைத்து எழுதப்பட்டது போலவே செல்கிறது. அங்கே சுண்ணக்கட்டி ஓவியத்திற்குள் புகுந்தார்கள் என்றால் இங்கே பீங்கான் கிண்ணத்தின் ஓவியத்திற்குள் புகுகிறார்கள். அங்கே கூரையில் மிதந்து சிரித்த மாமா, இங்கே தலைகீழாகிவிடும் வீட்டில் வாழும் ஒன்றுவிட்ட சகோதரி. அங்கே புகைபோக்கி துப்புரவு செய்வோரின் நடனம், இங்கே தெருவிளக்கு ஏற்றுவோரின் நடனம். அங்கே பட்டம், இங்கே பலூன். இப்படி ஒவ்வொரு பாட்டும் தனது மூத்த பாட்டை நினைவூட்டிக்கொண்டே இருப்பதால், அதனிடம் தோற்றுக்கொண்டும் இருக்கிறது. 4 ஒஸ்கார் பரிந்துரைகளைப் பெற்ற படம் ஒரு விருதையும் பெறவில்லை. சுமார் 13 கோடி டொலர் செலவில் தயாராகி, உலகெங்கும் ஏறத்தாழ 35 கோடி டொலர் வசூலித்தது. தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பாட்டொன்றை இன்று தெருவில் முணுமுணுப்பவர் அரிது.

இவை மன்னிக்கக்கூடிய குறைகள். முடிவுதான் மன்னிக்க முடியாதது.

வீட்டை மீட்கப் பங்குப் பத்திரம் ஒன்றைத் தேடிக் குடும்பம் படம் முழுவதும் அலைகிறது. கிடைத்த பத்திரமோ கையொப்பப் பகுதி இல்லாமல் பயனற்றுப் போகிறது. அப்போது முதிய டோஸ் தோன்றுகிறார். 25 ஆண்டுகளுக்கு முன்னர் மைக்கலின் தந்தை ஒப்படைத்துவிட்டுப் போன அந்த இரண்டு பென்ஸைத் தாங்கள் சாதுரியமாக முதலீடு செய்து வந்ததாகவும், அது இப்போது கடன் முழுவதையும் தீர்க்குமளவுக்கு வளர்ந்திருப்பதாகவும் அறிவிக்கிறார். வீடு பிழைக்கிறது. முதற் படத்தில் தந்தை பரிகாசமாகச் சொல்லிச் சென்றதை இரண்டாவது படம் நிசமாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. கிழட்டு டோஸ் பாடிய பாட்டு உண்மையாகிவிட்டது. கிழவிக்குக் கொடுக்கத் துடித்த சிறுவன் தவறியவன், காசைப் பறித்த கிழவரே தீர்க்கதரிசி என்பதல்லவா இதன் பொருள்?

கணக்கும் உதைக்கிறது. அக்காலத்தில் ஒரு பவுணுக்கு 240 பென்ஸ். இரண்டு பென்ஸை ஆண்டுக்கு 5 விழுக்காடு கூட்டு வட்டியில் 25 ஆண்டுகள் விட்டு வைத்தால் ஏழு பென்ஸ்கூட முழுதாகத் தேறாது. 10 விழுக்காடாயின் 22 பென்ஸுக்குச் சற்றுக் குறைவு. எந்த வங்கியும் தராத 20 விழுக்காட்டைத் தந்திருந்தாலும் ஏறத்தாழ 191 பென்ஸ்தான். அதாவது ஒரு பவுண்கூட இல்லை. இடையில் 1914 இன் யுத்தம், 1929 இன் பங்குச்சந்தை வீழ்ச்சி, 1931 இல் பிரித்தானியா தங்க நியமத்தைக் கைவிட்டது என எத்தனை இடர்கள்! வானில் மிதக்கும் ஆயாவை நம்பும் இரசிகன் இதையும் நம்பலாமே என்று கேட்கலாம். மேரி பொப்பின்ஸின் மாயத்தை நம்பச் சொல்வது கதை. வங்கியின் மாயத்தை நம்பச் சொல்வது விளம்பரம்.

கதை நடக்கும் காலத்தையும் படம் வெளியான காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் உறுத்துகிறது. 1933 இன் தொடக்கத்தில் பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தை நெருங்கியிருந்தது. படம் வெளிவந்ததோ 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பத்து ஆண்டுகளின் பின்னர். அமெரிக்காவில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் ஈட்டுக் கடனால் வீடிழந்ததை அந்தப் படத்தின் இரசிகர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். வங்கி வீட்டைப் பறிக்க வருகிறது என்று கதை தொடங்கும்போது, 1964 இன் துணிவு இங்கும் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். ஆனால் இங்கே குற்றவாளி வங்கியன்று, வில்கின்ஸ் என்ற ஒரு கெட்ட அதிகாரி மட்டுமே. அவன் விரட்டப்பட்டு நல்ல முதலாளி திரும்பி வந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. முதற் படத்தில் பாங்க்ஸைக் கசக்கிப் பிழிந்தது தனிமனிதனின் தீய குணம் அல்ல, அந்த நிறுவனத்தின் நடைமுறை. அதனால்தான் அங்கே மாறவேண்டியிருந்தவர் தந்தை. இங்கே மாறுவது கணக்கின் மீதி.

ஆகவே இந்தத் தொடர்ச்சி எவ்வாறு நிற்கிறது என்று கேட்டால், வேலைப்பாட்டில் பழைய படத்தின் தோளளவுக்கு வருகிறது என்றே கூறுவேன். எமிலி பிளண்டுக்கும் ஓவியர்களுக்கும் அந்தப் பெருமை உரியது. ஆனால் ஒரு படத்தின் தொடர்ச்சி என்பது அதன் காட்சிகளின் தொடர்ச்சி மட்டுமல்ல, அதன் மனச்சாட்சியின் தொடர்ச்சியும்கூட. அந்தத் தராசில் இரண்டு பென்ஸ் அளவுக்கு இது குறைகிறது. முதற் படத்தில் அந்த இரண்டு பென்ஸே எல்லாமுமாக இருந்தது.

குயீன்ஸ்லாந்தின் அந்த வங்கி எழுதுவினைஞரின் மகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவருடைய தந்தையைக் காப்பாற்ற முதலீடு எதுவும் வளர்ந்து வரவில்லை. குடும்பத்தைத் தாங்கியது, தமது கண்டிப்பால் எல்லோரையும் நடுங்க வைத்த முதிய உறவுக்காரப் பெண்மணி ஒருவரின் உதவி. மேரி பொப்பின்ஸுக்கு முன்மாதிரி அவரே என்பார்கள். டிரவர்ஸ் முதற் படத்தைக் கண்டே அழுதவர். இரண்டாவது படத்தின் முடிவைப் பார்க்க அவர் இருக்கவில்லை.